மரியாதை தெரிந்த டெய்லர்

அவளுக்கு ஊசியில் நூல் கோக்கக்கூடத் தெரியாது. சட்டையில் பொத்தான் அறுந்தால் ஊக்கைக் குத்திக்கொண்டு வேலைக்கு வந்துவிடுகிற ரகம். ஆனாலும் ஊரில் எத்தனையோ பெண்களின் போனில் அவள் பெயர் ‘டெய்லர்’ என்றுதான் இருந்தது.

அந்த அலுவலகத்தில் எல்லோருக்கும் அப்படி ஒரு பொய்த்தொழில் உண்டு. வீட்டில் அடி வாங்குகிற பெண்களும் பிள்ளைகளும் உதவி கேட்டு வருகிற இடம் அது. மாடியில் மூன்று அறைகள், வாசலில் பெயர்ப்பலகை கிடையாது. அங்கே வந்துபோகிற பெண்ணின் போனை வீட்டில் ஒருத்தர் நோண்டாமல் இருக்கப்போவதில்லை. அதனால் எண்ணைப் பதியும்போதே வேறு பெயரில் பதியச் சொல்லிவிடுவார்கள். மேலதிகாரி அம்மாள் ‘கேஸ் ஏஜென்சி’. பிள்ளைகளோடு விளையாடிப் பேச்சுக் கொடுக்கிற சின்னப் பெண் ‘பார்லர்’. நாளடைவில் அலுவலகத்துக்குள்ளேயே அந்தப் பெயர்கள் ஒட்டிக்கொண்டன. “பார்லர், உன்னை கேஸ் கூப்பிடறாங்க” என்றால் வெளியாளுக்குத் தலையும் புரியாது, வாலும் புரியாது.

அன்று காலையிலிருந்து டெய்லருக்கு ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. ஓர் அம்மாவும் மகளும் அன்றைக்கு வீட்டை விட்டுக் கிளம்புவதாக ஏற்பாடு. அந்த வீட்டில் அடி முதலில் அம்மாவோடு நின்றது. இப்போது இரண்டாம் வகுப்புப் படிக்கிற மகளிடமும் வர ஆரம்பித்திருந்தது. அதற்குப் பிறகுதான், பல மாதங்களாக “பார்க்கலாம், பார்க்கலாம்” என்று இழுத்துக்கொண்டிருந்த அம்மா, “போயிடறேங்க” என்று வாயைத் திறந்து சொன்னாள். புருஷன் வேலைக்குப் போனதும் மகளைக் கூட்டிக்கொண்டு வெறுங்கையோடு இங்கே வர வேண்டும். வந்து சேர்ந்த பிறகுதான் வண்டியைக் கூப்பிடுவார்கள். வண்டி வெளியூரில் இருக்கிற பாதுகாப்பு இல்லத்துக்குப் போகும். இவ்வளவுதான் திட்டம். சொல்லும்போது சுலபமாகத்தான் இருந்தது.

மதியம் ஆகியும் ஆளைக் காணோம். டெய்லர் ஜன்னலுக்கும் கதவுக்கும் நடந்தாள். தண்ணீர் குடித்தாள். குடித்த டம்ளரைக் கழுவி, கழுவினதை மறந்து மறுபடியும் கழுவினாள். அப்போது போன் அடித்தது. எடுத்தால் ஆண் குரல்.

“டெய்லரா?”

“ஆமாங்க, சொல்லுங்க.”

“என் பொண்டாட்டி பொண்ணோட யூனிஃபார்ம் துணி கொடுத்திருக்காளாம். இன்னைக்கே வாங்கப் போகணும்னு நிக்கிறா. நான் லீவு போட்டு வீட்லதான் இருக்கேன். கடை எங்கன்னு சொல்லுங்க, நானே வந்து வாங்கிக்கறேன்.”

டெய்லருக்கு ரத்தம் உறைந்துபோனது. ஆனால் நாக்கு உறையவில்லை. வருஷக்கணக்கில் பழக்கப்பட்ட நாக்கு அது. எதிராளி எகிறினால் நாம் குரலைத் தாழ்த்த வேண்டும், அவர் மனசில் இருப்பதை நாமே எடுத்துச் சொல்ல வேண்டும் என்று பயிற்சி கொடுத்துக் கொடுத்து ஊறிப்போன நாக்கு.

“உங்களுக்கு எவ்வளவு அலைச்சல்னு புரியுதுங்க. இவ்வளவு நாள் காத்திருந்தது எரிச்சலாத்தான் இருக்கும். தாமதத்துக்கு மன்னிச்சுக்கங்க. எப்படிச் செஞ்சா உங்களுக்கு வசதியா இருக்கும், சொல்லுங்க?”

“நீங்க டெய்லர்தானா?”

“ஆமாங்க.”

“எந்த டெய்லர்மா மன்னிப்பு கேட்டிருக்கா?” என்றான் அவன். போன் கட்டானது.

அவன் கேட்டதில் என்ன தப்பு? உலகத்தில் எந்த டெய்லர் மன்னிப்பு கேட்டிருக்கிறார்? நாம் போய் நின்றால் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார்கள். நாளைக்கு வா என்பார்கள். நாளைக்குப் போனால், “இன்னைக்கா சொன்னேன்?” என்று நம்மையே கேட்பார்கள். துணி கொடுத்தவர்கள்தான் மன்னிப்பு கேட்கிற தோரணையில் நிற்க வேண்டும். இது அந்த ஆளுக்குத் தெரிந்திருக்கிறது. இவளுக்குத்தான் தெரியவில்லை.

“பிரமாதம்” என்றாள் கேஸ் ஏஜென்சி. “அவனுக்கு கவுன்சலிங் கொடுத்துட்டு வந்திருக்க.”

“மேடம், நான் திருப்பிக் கூப்பிட்டு ஏதாவது...”

“கூப்பிடாதே. சந்தேகம் வந்த நம்பர்லேர்ந்து திருப்பிக் கூப்பிட்டா அவ கழுத்துக்குத்தான் சுருக்கு. உக்காரு.”

“போலீஸ்?”

“போன தடவை போகலையா? புருஷன் பொண்டாட்டி விவகாரம்னு சொல்லி அவன் தோளைத் தட்டிக் கொடுத்துட்டு வந்தாங்க. அன்னைக்கு ராத்திரி அவ பட்டது உனக்கே தெரியும். உக்காருன்னா உக்காரேன்.”

அவளால் எங்கே உட்கார முடிந்தது? அவன் இந்நேரம் பெண்டாட்டியின் போனைத் தலைகீழாக உலுக்கிக்கொண்டிருப்பான். இன்றைக்கு வெளியே வராவிட்டால் அந்த அம்மா இனிமேல் வாசப்படி தாண்ட முடியாது. பள்ளிக்கூடத்துக்குக்கூட மகளை அவனே கொண்டுபோய் விடுவான். எல்லாம் தன் வாயால் வந்த வினை என்று டெய்லருக்குத் தன் மேலேயே ஆத்திரமாக வந்தது. மேஜை இழுப்பறையைத் திறந்தாள். அந்த யூனிஃபார்ம் துணி உள்ளேதான் இருந்தது. பிள்ளையைப் பொய் சொல்ல வைக்கக் கூடாது என்பது அங்கே கண்டிப்பான விதி. அதனால் போன முறை அம்மாவிடம் டெய்லர் உள்ளே பேசிக்கொண்டிருந்தபோது, வெளியறையில் பார்லர் நிஜமாகவே டேப் பிடித்து மகளுக்கு அளவெடுத்திருந்தாள். அப்பா கேட்டால் அளவெடுத்தார்கள் என்று மகள் உள்ளதைச் சொல்லலாம் அல்லவா. டெய்லர் இழுப்பறையை மூடினாள், திறந்தாள், மூடினாள்.

“அக்கா, அந்த இழுப்பறை கழண்டு கையோட வந்துடப் போகுது” என்றாள் பார்லர்.

மறுபடியும் போன் அடித்தது. அவனேதான். இந்த முறை குரல் எதிரொலித்தது. ஸ்பீக்கரில் போட்டிருக்கிறான். பின்னால் டிவி ஓடிக்கொண்டிருந்தது. ஒரு சின்ன இருமல் கேட்டது. மகளையும் அம்மாவையும் எதிரில் உட்கார வைத்துக்கொண்டு சோதிக்கிறான்.

“துணி ரெடியா இல்லையா? ஒரே பேச்சு, சொல்லு.”

அந்த ‘சொல்லு’வில் டெய்லருக்கு எங்கோ பிய்த்துக்கொண்டது.

“ரெடி இல்லை! எப்படி ரெடியாகும்? அளவெடுக்கும்போது உங்க பொண்ணு ஒரு நிமிஷம் ஒழுங்கா நின்னாளா? ஆடிக்கிட்டே இருந்தா. அத்தனை அளவும் தப்பு! நாளைக்கு நான் கடையைப் பூட்டிட்டு ஊருக்குப் போறேன். வேணும்னா இன்னைக்கே பொண்ணைக் கூட்டிட்டு வந்து அளவு கொடுக்கச் சொல்லுங்க. வேணாம்னா விடுங்க, எனக்கென்ன?”

“நானே கூட்டிட்டு வரேன்.”

“பொம்பளைங்க அளவு கொடுக்கிற இடத்துல உங்களுக்கு என்ன வேலை? அவங்களுக்கு வழி தெரியும், அனுப்புங்க. சும்மா சும்மா போனைப் போட்டு உயிரை வாங்காதீங்க, வேலை செய்ய விடாம!”

கட் செய்வதற்கு முன் அவன் சிரித்தது கேட்டது. “இதுதான் டெய்லர்” என்று யாரிடமோ சொன்னான்.

பார்லர் கைதட்டினாள். கேஸ் ஏஜென்சிகூடச் சிரித்துவிட்டாள். டெய்லர் மட்டும் போனைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

“நான் பொண்ணு மேல பழியைப் போட்டுட்டேன், மேடம்.”

கரண்ட் இல்லை என்றிருக்கலாம். மிஷின் ரிப்பேர் என்றிருக்கலாம். ஆயிரம் சாக்கு இருந்தது. அவசரத்துக்கு இவள் நாக்கில் வந்தது அந்தப் பிள்ளைதான். அந்த வீட்டிலும் எது கெட்டுப்போனாலும் பிள்ளைதான் காரணம். அவன் இந்நேரம் கையை ஓங்கியிருப்பானோ? திருப்பிக் கூப்பிட்டு, இல்லை, மிஷின்தான் ரிப்பேர் என்று சொல்லலாமா? சொன்னால் எல்லாம் குட்டிச்சுவர். மறுபடியும் ஜன்னல், கதவு, ஜன்னல்.

அவர்கள் வந்தேவிட்டார்கள். படியேறி வந்த அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. கையில் மகளைத் தவிர ஒன்றுமில்லை. கேஸ் ஏஜென்சி முதலில் அவள் போனை வாங்கி அணைத்தாள், பிறகு வண்டிக்குச் சொன்னாள். வண்டி வர எப்படியும் நேரமாகும்.

“வாங்க, வாங்க. உள்ள வாங்க” என்றாள் டெய்லர்.

அந்தக் குரல் காதில் விழுந்ததுதான் தாமதம், மகள் அம்மாவின் கையை விட்டாள். நேரே அறையின் நடுவே போய்க் கால்களைச் சேர்த்து, கைகளைப் பக்கத்தில் ஒட்டவைத்து நின்றாள். கண்ணைக்கூட அசைக்கவில்லை.

“நான் ஆட மாட்டேன்” என்றாள்.

“அடிக்கலைங்க” என்றாள் அம்மா அவசரமாக. “ஆனா நாங்க கிளம்பற வரைக்கும் நடு வீட்ல நிக்க வச்சுட்டார். ஆடாம நின்னு பழகுன்னு. வேணும்னே மெதுவா சாப்பிட்டுட்டு, அப்புறம்தான் போகச் சொன்னார்.”

டெய்லருக்கு அவமானமாக இருந்தது. எத்தனை மாத உழைப்பு, கடைசியில் அந்த ஆளுக்கு ஒரு புதுத் தண்டனையை எடுத்துக் கொடுத்திருக்கிறாள். மண்டிபோட்டு உட்கார்ந்து, “நீ ஆடலாம்டா கண்ணு, அளவெல்லாம் எடுக்கப் போறதில்லை” என்று மெல்லச் சொன்னாள். குரல் கிட்டே வரவர மகள் இன்னும் விறைத்தாள். பார்லர் பொம்மையைக் காட்டினாள், தரையில் உட்கார்ந்து கூப்பிட்டாள். மகள் அந்தப் பக்கம் திரும்பவில்லை. அம்மா தொட்டபோதும் அப்படியே நின்றாள். டெய்லர் எழுந்து கதவுப் பக்கம் போனாள். இந்தப் பிள்ளைக்குத் தன் குரல் இனி ஆகாது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. பேசாமல் வெளியே போய் நிற்பதுதான் அதற்குச் செய்யக்கூடிய நல்லது.

அவள் கதவைத் தாண்டும்போது போன் அடித்தது. அவன்.

“எடு” என்றாள் கேஸ் ஏஜென்சி. “எடுக்கலைன்னா தேடிக் கிளம்பிடுவான். வண்டி இன்னும் பாதி வழியில இருக்கு.”

டெய்லர் படிக்கட்டுக்குப் போய்ப் பேசியிருக்கலாம். போகவில்லை. திரும்பி உள்ளே வந்து, மகளுக்கு எதிரில் நின்றுகொண்டு எடுத்தாள்.

“இன்னும் முடியலையா? அவ போன் வேற ஆஃப்ல இருக்கு.”

“போன் ஆஃப்னா சார்ஜ் போட்டு அனுப்பணும். அதையும் நானா போடுவேன்? இங்க எனக்கு முன்னால ரெண்டு பேர் நிக்கிறாங்க, அவங்களை முடிச்சிட்டுத்தான் எடுப்பேன்.”

“அந்தக் கழுதை மறுபடியும் ஆடுதா?”

“யாரைக் கழுதைங்கறீங்க?” டெய்லரின் குரல் மாடி முழுக்கக் கேட்டது. “உங்க பொண்ணு நல்லாத்தான் நிக்கிறா. அன்னைக்கும் நல்லாத்தான் நின்னா. அளவைத் தப்பாச் சொன்னது நான். என் தப்பு! காதுல விழுந்துச்சா? அவ மேல ஒரு தப்பும் இல்லை!”

“சரி, அதுக்கு எதுக்குக் கத்தறீங்க...”

“அப்படித்தான் கத்துவேன்! இஷ்டம் இருந்தா காத்திருங்க, இல்லைன்னா வேற டெய்லரைப் பாருங்க. முடிஞ்சதும் அனுப்பறேன். இனிமே இந்த நம்பருக்குப் பண்ணாதீங்க!”

“சரிம்மா, சரி” என்றான் அவன்.

டெய்லர் போனை மேஜைமேல் வைத்தாள். மகள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“போன்ல யாரு?”

“உங்க அப்பா.”

“அப்பாவையா திட்டினீங்க?”

“ஆமா.”

“அப்பா என்ன சொன்னார்?”

“சரிம்மான்னு சொன்னார்.”

மகள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா ஆமாம் என்று தலையாட்டினாள். மகள் ஒரு காலை எடுத்து இன்னொரு காலின் மேல் சொறிந்துகொண்டாள். பிறகு மேஜை பக்கம் வந்து போனை எட்டிப் பார்த்தாள்.

“மறுபடியும் பண்ணுவாரா?”

“பண்ணினா நீ உள்ள போயிடலாம். நீ கேக்கவே வேணாம்.”

“இல்லை, நான் இங்கேயே இருக்கேன்” என்று ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி உட்கார்ந்தாள் அவள். “நீங்க திட்டுங்க.”