காவலிருந்ததற்கு ஒரு கிடாய்

முரளிதரன் அங்கிளுக்கு விலாசம் சொல்லும் பழக்கம் இல்லை. மெல்பேர்னில், ரோவிலில் இருக்கும் தன் வீட்டுக்கே, பெற்றோல் செட் தாண்டி இரண்டாவது வளைவு, முன்னால் ஒரு எலுமிச்சை என்றுதான் வழி சொல்லுவார். டிசம்பர்ப் பங்குக்கு ஆடு எடுக்க என்னை அனுப்பியபோதும் அப்படித்தான். பக்கன்ஹாம் தாண்டி நேரே போனால் பெரிய தண்ணீர்த் தாங்கி வரும், அதற்குப் பிறகு வெள்ளைக் கேற், பட்டியில் முதுகில் நீல அடையாளம் போட்ட வெள்ளாட்டுக் கிடாய் நிற்கும். காசு கொடுத்தாயிற்று, ஆளை எழுப்பத் தேவையில்லை, ஏற்றிக்கொண்டு வா.

ஏழெட்டுக் குடும்பம் சேர்ந்து ஒரு முழு ஆட்டை வாங்கி இறைச்சியைப் பிரித்துக்கொள்வதுதான் பங்கு. விடியற்காலையில் ஆடறுக்கும் இடத்தில் ஒப்படைக்க அங்கிள் நேரம் எடுத்திருந்தார். எனவே இரவே போக வேண்டும். எனக்கு மல்கிரேவில் ஒரு களஞ்சியத்தில் இரவு வேலை. அன்று லீவு. விழித்திருப்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி இல்லை என்பது அங்கிளின் கணிப்பு. படிப்பை விட்டவனைப் பற்றி அப்படித்தான் நினைப்பார்கள், அதில் பிழையும் இல்லை.

துணைக்கு அனோஜனைக் கூட்டிக்கொண்டு போனேன். நோபல் பார்க்கில் என்னோடு ஒரே வீட்டில் இருப்பவன். படகில் வந்தவன். மனைவி சுஜீவா வவுனியாவில். மகள் வயிற்றில் இருந்தபோது புறப்பட்டவனுக்கு அவளைப் போனில்தான் தெரியும். இத்தனை வருடம் தற்காலிக விசாவில் கிடந்தவனுக்கு இப்போதுதான் நிரந்தர விசா கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. மிச்சம் பொலிஸ் பரிசோதனை மட்டும். அவன் பெயரில் எங்கும் ஒரு பதிவும் இருக்கக்கூடாது.

தண்ணீர்த் தாங்கி வந்தது. வெள்ளைக் கேற் வந்தது. அந்தப் பக்கத்தில் எல்லாக் கேற்றும் வெள்ளை என்பதை அங்கிள் சொல்லவில்லை. காரைத் தெருவோரம் விட்டு, பட்டிக்குள் இறங்கி, போன் வெளிச்சத்தை அடித்துப் பார்த்தோம். எல்லா ஆட்டுக்கும் முதுகில் நீலம்.

"அங்கிள் வெள்ளாடு எண்டெல்லோ சொன்னவர்?" என்றான் அனோஜன். "இது செம்மறி."

"இருட்டில எல்லாம் ஆடுதான். ஒண்டைத் தூக்கு."

அவன் ஒரு கிடாயைப் பிடித்தான். திரும்பினால் கேற்றடியில் ஒரு வெள்ளை நாய். நாங்கள் வந்தபோது அது ஆடுகளுக்குள் படுத்திருந்திருக்க வேண்டும், நாங்களும் ஆடு என்றே நினைத்திருப்போம். கன்றுக்குட்டி அளவு. குரைக்கவில்லை. நாங்கள் ஓரடி வைத்தால் எழுந்தது, நின்றால் படுத்தது. நான் ஒருமுறை வேலிப் பக்கமாக நழுவினேன். வந்து என் சட்டைக் கையை வாயில் கவ்வி, பள்ளிக்கூடப் பிள்ளையை இழுப்பதுபோல் இழுத்து வந்து பழைய இடத்தில் விட்டது. கிடாயை விட்டுவிட்டோம். அப்போதும் நாய் எங்களை விடவில்லை.

அங்கிள் போனை நிறுத்திவிட்டுப் படுப்பவர். பொலிசுக்கு அடித்து உண்மையைச் சொல்லலாம் என்றேன்.

"நீ சிட்டிசன்," என்றான் அனோஜன். "உனக்கு ஃபைன் அடிப்பாங்கள். எனக்கு?"

 புழுக்கையில் உட்கார்ந்திருந்தோம். எங்களுக்கு ஆடு பழகிவிட்டது, ஆட்டுக்கும் நாங்கள் பழகிவிட்டோம்.

விடிந்தபோது ஒரு பெண் வந்தாள். அறுபது வயதிருக்கும். கறுப்புச் சட்டை, கழுத்தில் சங்கிலி, கோயிலுக்குப் போகிற கோலம், காலில் மட்டும் சேற்றுக்குப் போடுகிற றப்பர்ச் சப்பாத்து. இருட்டோடேயே தெருவில் காரையும் பட்டிக்குள் ஆட்களையும் கண்டு பொலிசுக்கு அடித்துவிட்டதாக முதல் வசனத்திலேயே சொன்னாள். அந்த வருடம் மட்டும் இரண்டுமுறை ஆடு களவு போயிருந்ததாம்.

நான் அங்கிளையும் தண்ணீர்த் தாங்கியையும் வைத்துக் கதையைத் தொடங்கினேன். என் வாயிலிருந்து வந்தபோது எனக்கே அது பொய்போல் கேட்டது. அனோஜன் இடையில் வெட்டினான். ஆங்கிலத்தில், ஒவ்வொரு சொல்லாகச் சொன்னான்.

"எங்கள் கிடாயை எடுக்க வந்தோம். இடம் பிழை என்று பிறகு விளங்கியது. விளங்கியும் தூக்கினோம். நாய் விடவில்லை."

நான் அவன் காலை மிதித்தேன். பிரயோசனமில்லை.

அவள் நாயைப் பார்த்தாள், எங்கள் பின்பக்கத்தில் ஒட்டியிருந்த வைக்கோலைப் பார்த்தாள். ராத்திரி முழுக்க இங்கேயா இருந்தீர்கள் என்று கேட்டாள். ஓம் என்றோம். சிலுவை போட்டுக்கொண்டாள். பிறகு சிரிக்கத் தொடங்கி, கேற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். இன்றைக்கு என்ன நாள் தெரியுமா என்றாள். எங்களுக்கு எப்படித் தெரியும்.

பெயர் எலேனி. கிரேக்கத்தில் கோர்ஃபு என்ற தீவு. எங்களைக் குசினிக்குள் கூட்டிப்போய்க் கதிரையில் இருத்தி, பாணை வெட்டிக்கொண்டே சொன்னாள். சுவரில் ஒரு படம். தாடிக்காரர், பாதிரியார் உடுப்பு, தலையில் கடகத்தைக் கவிழ்த்தமாதிரிப் பின்னிய தொப்பி. ஸ்பிரிடோன். சைப்பிரஸில் ஆடு மேய்த்த புனிதர். மனைவி இறந்தபின் அவரைப் பிடித்து ஆயராக்கினார்கள். ஆயரான பிறகும் ஆட்டை விடவில்லை, தொப்பியையும் விடவில்லை. அரசன் கூட்டிய பெரிய சபைக்குப் போய், படித்தவர்கள் முன்னால் ஒரு செங்கல்லைக் கையில் பிழிந்தாராம். நெருப்பு மேலே போயிற்று, தண்ணீர் கீழே வடிந்தது, கையில் மண் மிஞ்சியது. பிதா, மகன், ஆவி மூன்றும் ஒன்று என்பதற்கு அதுதான் அவருடைய பிரசங்கம். அவருடைய உடல் எலேனியின் ஊர்க் கோயிலில் இருக்கிறது. இரவில் எழுந்து நடந்து ஆட்களுக்கு உதவுவதால் செருப்புத் தேய்கிறதாம். புதுச் செருப்பு மாற்றுவார்களாம். இரவு வேலைக்காரன் என்ற முறையில் அதை மட்டும் நான் நம்பினேன்.

ஒரு இரவு அவருடைய பட்டிக்குள் கள்ளர் இறங்கினார்கள். கை கால் அசையாமல் அங்கேயே நின்றுவிட்டார்கள். விடிய வந்து பார்த்தவர் அவர்களை விடுவித்து, ஒரு கிடாயையும் கையில் கொடுத்தார்.

"ராத்திரி முழுக்கக் காவல் இருந்திருக்கிறீர்கள், வெறும் கையோடு போகக்கூடாது என்றார்," என்று எலேனி முடித்தாள். இன்று அவருடைய திருநாள். செத்துப்போன அவள் புருசனுக்கும் அதே பெயர்தான், சுருக்கி ஸ்பிரோ. தங்கள் பெயர்கொண்ட புனிதரின் திருநாளில் அவர்கள் யாரையும் அழைப்பதில்லை, வருகிறவர்களுக்குச் சாப்பாடு போடுவார்கள்.

அப்போது வெளியே கார் வந்து நின்றது. மேலே நீல விளக்கு.

அனோஜன் கையில் பாண். கடிக்கவும் இல்லை, வைக்கவும் இல்லை. அவன் முகத்தை நான் பார்க்கவில்லை. பாணைத்தான் பார்த்தேன்.

எலேனி வாசலுக்குப் போனாள். பொலிஸ்காரன் இளம்பெடியன். யாரோ பட்டிக்குள் நிற்பதாகச் சொன்னீர்களே என்றான். விருந்தாளிகள் என்றாள் அவள். ஸ்பிரோவின் திருநாளுக்கு வந்தவர்கள், இருட்டில் எனக்குத்தான் ஆள் தெரியவில்லை. அவன் எட்டி எங்களைப் பார்த்தான். புழுக்கை, வைக்கோல், என் கிழிந்த சட்டைக் கை.

"இந்தக் கோலத்திலயா விருந்துக்கு வந்தாங்கள்?"

"ஆடு பார்க்க ஆசைப்பட்டார்கள்."

எங்கள் பெயரை எழுதிக்கொள்ளவா என்று அவன் கேட்டான். வேண்டாம், இதைச் சாப்பிடு என்று சீனி தூவிய பிஸ்கற் தட்டை நீட்டினாள். ஒன்றை வாயிலும் இன்னொன்றைப் பொக்கற்றிலும் போட்டுக்கொண்டு போனான். கார்ச் சத்தம் தேய்ந்து மறைகிறவரை மூன்று பேரும் அசையவில்லை. பிறகு அனோஜன் பாணை ஒரே வாயில் அடைத்தான். கண்ணில் தண்ணீர். பாண் விக்கியதா என்று நான் கேட்கவில்லை.

தண்ணீர்த் தாங்கிக்குப் பிறகு இரண்டாவது கேற், முதலாவது இல்லை என்று அங்கிள் விடிந்தபின் சொன்னார். அங்கே அவருடைய வெள்ளாடு கட்டியபடி நின்றது. காரின் பின்னால் ஏற்கெனவே எலேனி தந்த செம்மறிக் கிடாய். அனோஜன் முன் சீற்றில், மெல்பேர்ன் வந்த நாளிலிருந்து நித்திரை கொள்ளாதவன்போல் வாயைத் திறந்து நித்திரை.

கிடாயை வளர்க்கலாமா என்று யாரும் கேட்கவில்லை. நல்ல இறைச்சி. அந்த முறை எல்லோருக்கும் இரட்டைப் பங்கு. பிரிக்கும்போது அங்கிள் ஒரு பங்கு மிஞ்சுதே என்றார். மிஞ்சவில்லை, அது ஆளுள்ள பங்கு என்றான் அனோஜன். அதை அவனே சமைத்து, உறைப்பைப் பாதியாகக் குறைத்து, ஞாயிற்றுக்கிழமை கொண்டுபோனான். பகலில் போனான். நாய் கேற்றடியில் எழுந்து அவனை மணந்து பார்த்துவிட்டு வழிவிட்டதாம்.

விசா பெப்ரவரியில் வந்தது.