ஜன்னல் வழியே போன நேரியல்

வெர்னர் எங்கள் வீட்டுக்கு வந்து மூன்று நாளாகியும் அவரை எந்தக் கணக்கில் வைப்பது என்று எனக்குப் புலப்படவில்லை. ஜெர்மனியில் வேலை பார்க்கும் என் மகள் சித்ரலேகாதான் அவரைக் கூட்டி வந்திருக்கிறாள்; இவருடைய மகனைத்தான் கட்டிக்கொள்வேன் என்கிறாள். நான் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை இரவு பங்காளிகள் கூடுகிறார்கள். அதற்குள் என் வாயிலிருந்து ஒரு சொல் வந்தாக வேண்டும்.

அன்று காலை பாபநாசத்துக்குக் கார் சொல்லியிருந்தேன். ஆற்றங்கரையில் என் தாத்தா கட்டிய மண்டபத்தைப் பார்த்தால், எப்பேர்ப்பட்ட குடும்பத்தில் பெண்ணெடுக்க வந்திருக்கிறோம் என்று அவருக்கு விளங்கும்.

"அப்பா, அவரு கார் வேண்டாங்காரு. பஸ்ல போணுமாம்" என்றாள் சித்ரா.

"நம்ம வீட்டுக்கு வந்த மனுசனை பஸ்ல கூட்டிட்டுப் போனா பாக்கவன் என்ன நெனைப்பான்?"

"பாக்கவன் என்னமும் நெனைக்கட்டும். அவரு ஊரைப் பாக்கணுங்காரு."

நெல்லையப்பர் கோயிலில் கல்தூண் பாடுவதைக் காட்டியபோதும் இப்படித்தான். தலையாட்டிவிட்டு, வாசலில் இத்தனை செருப்புக் கிடக்க அவரவர் செருப்பு அவரவருக்கு எப்படிக் கிடைக்கிறது என்று கேட்டார்.

பஸ் வந்து நிற்குமுன்னே துண்டும் பையும் ஜன்னல் வழியே பறந்தன. இடம் பிடிக்கிறார்கள் என்று சித்ரா விளக்கினாள். வெர்னர் முகம் மலர்ந்தது. தங்கள் ஊர்க்காரர்களும் கடற்கரை நாற்காலிகளில் விடியுமுன்னே துண்டு போட்டுவிடுவார்கள் என்று சொல்லிச் சிரித்தார். சிரித்துக்கொண்டே என் தோளில் கிடந்த வெண்பட்டு நேரியலை உருவி ஜன்னலுக்குள் எறிந்துவிட்டார்.

சாமி சந்நிதியில் நானாக அதை எடுத்தால் உண்டு. மற்றபடி என் தோளில் கைவைத்தவன் கிடையாது. அரிசிக்கடை சொரிமுத்து பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டான்.

உள்ளே போனால், நிற்க இடமில்லாத பஸ்ஸில் நேரியல் கிடந்த இருக்கையை மட்டும் ஒருவரும் தொடவில்லை. வெர்னர் என் கையைப் பிடித்து அதில் உட்காரவைத்துவிட்டுத் தான் நின்றுகொண்டார். என்னை அவமானப்படுத்தினாரா, மரியாதை செய்தாரா? சேரன்மாதேவி தாண்டியும் பிடிபடவில்லை.

வீரவநல்லூரில் ஏறிய ஒருத்தி என் மடியில் தூக்குவாளியை வைத்தாள்.

"பத்திரமா புடிச்சுக்கிடுங்க அண்ணாச்சி. கொழம்பு. சாச்சிராதிய."

அறியாத மனிதரை நம்பிக் குழம்பைக் கொடுக்கிறாளே என்று வெர்னர் வியந்தார். வாளியின் சூடு என் வேட்டியில் இறங்கிக்கொண்டிருந்தது.

மண்டபத்தில் தாத்தா பெயர் வெட்டிய கல்லைக் காட்டினேன். நல்லது என்றார். படித்துறையில் இருவர் ஈர வேட்டியை ஆளுக்கொரு முனை பிடித்துக் காற்றில் உலர்த்துவதைத்தான் வெகுநேரம் பார்த்தார். பிறகு தானும் ஆற்றில் இறங்கினார். பாறை வழுக்கி முழங்காலில் அடி. வலியில்லை என்று சொல்லிக்கொண்டே நொண்டினார்.

திரும்பும்போது பஸ்ஸில் திருவிழாக் கூட்டம். வாடகைக்குக் கார் ஒன்றும் அகப்படவில்லை. வெர்னர் ஒற்றைக் காலில் நின்றார். இன்னொரு முறை அவர் நின்றுகொண்டு வருவதா? நேரியலை எடுத்து ஜன்னலுக்குள் எறிந்தேன். பழக்கமில்லாத கை. உட்கார்ந்திருந்த ஒருவன் தலையில் போய் விழுந்தது.

"யாரு வே பட்டுத்துண்டை எறியுதது? எனக்கென்ன பரிவட்டமா கெட்டுதீரு?"

பஸ்ஸே சிரித்தது.

"என்னோடதுதான்" என்றேன்.

"அண்ணாச்சியா? வாரும், நான் எந்திரிக்கேன்."

"எனக்கில்ல வே. நான் நின்னுக்கிடுவேன். எங்க சம்பந்திக்கு. கால்ல அடி."

சொன்ன பிறகுதான் அது என் காதில் விழுந்தது. சித்ரா என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் ஆற்றைப் பார்த்தேன்.

"வெள்ளைக்காரரா சம்பந்தி? அடேயப்பா! ஏலே, வழி விடுங்கலே, சம்பந்தி ஏறட்டும்!"

வெர்னர் உட்கார்ந்து, நேரியலைக் கைக்குட்டை மாதிரி மடித்து மடியில் வைத்துக்கொண்டார். திருப்பித் தரவேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. அம்பாசமுத்திரத்தில் யாரோ ஒருத்தி அதன்மேலேயே தன் பிள்ளையை உட்காரவைத்தாள்.

வெறுந்தோளோடு கம்பியைப் பிடித்து நின்றேன். பங்காளிகளிடம் என்ன சொல்வது என்பது முடிந்துவிட்டது. ஏன் என்று கேட்டால் என்ன சொல்வது என்பதுதான் ஊர் வந்து சேரும்வரை தெரியவில்லை.