நண்பன் கொடுத்த களிம்பு

இரண்டு வருடமாகத் தங்கராசுவின் இடுப்பிலும் தொடையிலும் படர்ந்திருந்தது இன்னதென்று யாராலும் சொல்ல முடியவில்லை. அரியலூர் டாக்டர் அலர்ஜி என்றார். திருச்சியில் ஒருவர் சொரியாசிஸ் என்றார். சுண்ணாம்புக்கல் லாரியில் நாள் முழுக்க வியர்வையில் ஊறியவனுக்கு, அரிப்பு தாங்காதபோது கைகொடுத்தது பிரேம்குமார் தந்த களிம்புதான்.

பிரேம்குமார் செந்துறையில் மருந்துக்கடை வைத்திருந்தான். ஆறாம் வகுப்பிலிருந்து இருவருக்கும் ஒரே பெஞ்சு. மனைவியிடம்கூடச் சொல்லக் கூசியதைத் தங்கராசு முதலில் அவனிடம்தான் காட்டினான்.

"இதத் தடவுடா, ரெண்டு நாள்ல அடங்கிடும்."

அடங்கியது. நிறுத்தினால் முன்னைவிட அகலமாக வந்தது. மறுபடி ஒரு டியூப். டாக்டர்கள் கேட்கவில்லை, அவனும் அதைப் பற்றிச் சொல்லவில்லை.

மனைவி அம்சவள்ளியின் கழுத்திலும் அரிப்பு தொடங்கியதும் இருவரும் பெரம்பலூருக்குப் பஸ் ஏறினார்கள்.

தோல் டாக்டர் மணிமொழி வெகுநேரம் பார்த்தார். படைக்கு உரிய வட்டமும் விளிம்பும் இல்லை. தொடையில் வெள்ளை வெள்ளையாகக் கோடுகள்.

"என்ன தடவுறீங்க?"

டியூபை நீட்டினான். படித்ததும் அவர் முகம் இறுகியது. தோலைச் சுரண்டிக் கண்ணாடித் தகட்டில் வைத்து, ஒரு சொட்டு மருந்து விட்டு, சற்றுப் பொறுத்து மைக்ராஸ்கோப்பில் அவனையே பார்க்கச் சொன்னார். வேர் போலக் கிளைவிட்ட நூல்கள் தெரிந்தன.

"பூஞ்சைங்க. வெறும் படைதான், இவங்களுக்கும் ஒட்டியிருக்கு. இந்தக் களிம்புல இருக்குற ஸ்டீராய்டு அரிப்ப அமுக்கிட்டு, பூஞ்சைய நல்லா வளர விட்டுருக்கு. உருவமே மாறிப்போனதாலதான் யாருக்கும் புடிபடல. படை போயிடும். களிம்பு போட்ட இந்தக் கோடு போகாது."

வெளியே பெஞ்சில் பிரேம்குமாரின் மனைவி சசிகலா மகளோடு உட்கார்ந்திருந்தாள்.

"பாப்பாவுக்குக் கையில படைங்கண்ணே. கடையில இருக்குற களிம்பப் போடலாம்னு சொன்னேன். தோலே கெட்டுடும், தொடாதேன்னு அவரு கத்துறாரு. போன வருசம் வந்தப்பவும் இந்த டாக்டர்கிட்ட காட்டித்தான் சரியாச்சு."

போன வருடம் முழுக்கத் தங்கராசு அந்தக் களிம்பைத்தான் பூசிக்கொண்டிருந்தான்.

நேராகக் கடைக்குப் போனான்.

"தெரிஞ்சேதான் குடுத்தியாடா?"

"நீதான அரிப்பு ஒடனே நிக்கணும்னு நச்சரிச்ச? நான் குடுக்கலன்னா அடுத்த கடையில வாங்கியிருப்ப."

"அப்பறம் ஒம் மவளுக்கு ஏன் குடுக்கல?"

பிரேம்குமார் மருந்துச் சீட்டோடு நின்ற வேறொருவரிடம், "ஒங்களுக்கு என்னங்க?" என்று திரும்பிக்கொண்டான்.

களிம்பை நிறுத்திய முதல் இரண்டு வாரம் தோல் நெருப்பாக எரிந்தது. ஒருமுறை கை தானாக அந்த டியூபைத் தேடியது. அம்சவள்ளி எல்லாவற்றையும் குப்பையில் போட்டிருந்தாள். மாத்திரைகளை அரியலூரில் வாங்கினார்கள். நான்காம் மாதம் இருவருக்கும் தோல் தெளிந்தது.

கல்லங்குறிச்சிப் பெருமாள் கோயில் தேர்க் கூட்டத்தில் ஒரு கை தங்கராசுவின் தோளில் விழுந்தது.

"சரியாயிடுச்சாமே?" பிரேம்குமார் சிரித்தான்.

"ஆயிடுச்சு." தங்கராசு அந்தக் கையை எடுத்துவிட்டான்.

"இன்னும் கோவமாடா?"

அம்சவள்ளி பிரேம்குமாரை எப்போதும் அண்ணே என்றுதான் கூப்பிடுவாள். அன்று அவன் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. கணவனின் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கூட்டத்துக்குள் நடந்தாள்.