போத்தலில் இல்லாத மழை

...விசிலை எங்கே வைப்பது என்பதில்தான் நின்றுவிட்டேன், மற்றதெல்லாம் கட்டிலின்மேல் வரிசையாக இருக்கிறது, டோர்ச், தனியாக இரண்டு பற்றரி, பொலித்தீனில் சுற்றிய தீப்பெட்டி, பிஸ்கட் இரண்டு பைக்கட், துவாய், ஒரு மாற்றுடுப்பு, அம்மாவின் பிரஷர் மாத்திரை, ஒவ்வொன்றுக்கும் எதிரே கொப்பியில் ஏன் என்று ஒரு வரி எழுதியாகிவிட்டது, விசிலுக்கு மட்டும் வரி வரவில்லை. இன்றைய மாலை வகுப்புக்குக் கொண்டுபோக வேண்டிய வேலை இது. ஆபத்து வந்தால் தூக்கிக்கொண்டு ஓட ஒரு பை, அதில் என்ன, ஏன், என்று ஷிரோமி மிஸ் கேட்டிருந்தார், முன்பள்ளி ஆசிரியராகப் போகிறவர்கள் முதலில் தங்கள் பையைக் கட்டிப் பழக வேண்டுமாம். வகுப்பு பசறையில், ஐந்தரைக்கு. பஸ் இல்லை, நேற்றே வளைவில் மரம் விழுந்து ரோடு அடைபட்டுவிட்டது. வகுப்புக்கே போக முடியாத நாளில் வீட்டுவேலை செய்கிறவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்... செய்யாமல் விட்டால் மட்டும் நிம்மதியாக இருந்துவிடுவேனா? இருக்க மாட்டேன். அதனால் செய்கிறேன். விசில், ஏன்? மற்றவர்களைக் கூப்பிட. அப்படியென்றால் அது என் பைக்குரிய பொருளா, எங்கள் லயத்து வீடுகளுக்கெல்லாம் உரிய பொருளா? கடைசியில் துவாய்க்குள் சுற்றிப் பையின் அடியில் வைத்தேன். எதிரே ஒன்றும் எழுதவில்லை.

அந்த விசிலை மழை அளக்கும் போத்தலோடு சேர்த்துத்தான் கொடுத்தார்கள், ஆனி மாதத்தில், மண்சரிவு பற்றிச் சொல்லித்தர வந்தவர்கள். எங்கள் லயத்தில் ஒரே கூரையின்கீழ் பன்னிரண்டு வீடு, யார் பொறுப்பெடுப்பது என்று கேட்டதும் எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள், தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் எந்தக் குழந்தை எத்தனை மணிக்குத் தூங்கியது, எப்போது பால் குடித்தது என்று எழுதி வைக்கிறவள் நான்தானே, மழையையும் எழுதட்டும் என்று. போத்தலில் மூன்று கோடு. எழுபத்தைந்து மில்லிமீற்றரில் மஞ்சள், கவனமாக இரு. நூறில் செம்மஞ்சள், பையைக் கட்டு. நூற்றைம்பதில் சிவப்பு, விசிலை ஊது, எல்லாரையும் கூட்டிக்கொண்டு எதிர் மேட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போ. மாலை நான்கு மணிக்கு ஊற்றிவிட்டு மறுநாள் நான்கு மணி வரைக்கும் ஒரு கணக்கு, நடுவில் காலை ஆறரைக்கு ஒரு தடவை பார்த்து எழுதுவேன். ஐப்பசியில் சிவப்பைத் தாண்டியது. ஊதினேன். எப்படி ஊதினேன், உயிர் போகிற மாதிரி ஊதினேன், பன்னிரண்டு வீடும் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடின, பள்ளிக்கூடத்தில் இரவெல்லாம் குளிரில் கிடந்தோம், விடிந்து பார்த்தால் மலை மலையாகவே நின்றது. திறந்து கிடந்த வீடுகளுக்குள் குரங்குக் கூட்டம் புகுந்து மா, பருப்பு, சீனி எல்லாவற்றையும் தின்றும் கொட்டியும் வைத்திருந்தது. அன்றைக்குக் காலையில் வேலைக்குப் பேர் பதிகிற பெரட்டுக்கு நேரத்துக்குப் போய்ச் சேராததால் யாருக்கும் பேர் விழவில்லை, ஒரு நாள் சம்பளம் போனது. பிறகுதான் தெரிந்தது, போத்தலை நான் கூரைத் தகரத்தின் ஓரத்தில் கட்டியிருந்தேன், வானத்து மழையோடு கூரைத் தண்ணீரும் சேர்ந்து விழுந்திருக்கிறது. ஒரு முழம் தள்ளிக் கட்டியிருந்தால் போதும். ஒரு முழம்...

இப்போது அது முற்றத்தின் நடுவில், திறந்த வெளியில், ஒரு கம்பத்தில் இருக்கிறது. இன்று நான்கு மணிக்கு நான் குனிந்து பார்க்கும்போது பக்கத்து வீட்டு இராசையா மாமா தன் வாசல் இஸ்தோப்பில் பீடியோடு உட்கார்ந்திருந்தார், "என்ன மழை டீச்சர், இன்னைக்கு மலை எத்தன மணி பஸ்ஸுல வருது?" என்றார், உள்ளேயிருந்து அவர் பெண்சாதி நல்லம்மா அத்தையின் சிரிப்பு. நானும் சிரித்தேன். சிரிக்காவிட்டால் கோபம் என்பார்கள். ஐம்பத்திரண்டு. மஞ்சளுக்கே இன்னும் தூரம். கொப்பியில் எழுதினேன், திகதி, நேரம், ஐம்பத்திரண்டு, அழகான கையெழுத்தில், பிறகு விதிப்படி போத்தலைக் கவிழ்த்து ஊற்றினேன், நெஞ்சுக்குள் ஏதோ ஒரு முடிச்சு அவிழ்ந்த மாதிரி இருந்தது. அந்தச் சுகத்தில்தான் பையைக் கட்டவே உட்கார்ந்தேன். பைக்கென்று, மலை ஊற்றிலிருந்து வருகிற பீலியில் ஒரு போத்தல் தண்ணீர் பிடித்தேன், பால் விடாத பிளேன்டீ நிறத்தில் வந்தது, மழைக்காலம்தானே, தெளியட்டும் என்று ஜன்னலில் வைத்திருக்கிறேன். அடுத்து பத்திரங்கள். என் பிறப்புச் சான்றிதழ், ஞானஸ்நானச் சீட்டு, அப்பாவின் மரணச் சான்றிதழ், அம்மாவின் அடையாள அட்டை... அம்மா தோட்டத்துப் பதிவில் மரியம்மா, அடையாள அட்டையில் மதலேனா, இரண்டும் ஒரே ஆள்தான் என்று கிராம சேவகர் கொடுத்த கடிதம் ஒன்று உண்டு, அதைத்தான் முதலில் வைக்க வேண்டும், அது இல்லாவிட்டால் அம்மா பாதி ஆள். தண்ணீர் படாமல் இரண்டு பொலித்தீன் பை போட்டுக் கட்டினேன். எதிரே எழுதினேன்: நாங்கள் யார் என்று யாராவது கேட்டால் காட்ட.

அம்மா முழங்கால் வலியில் இன்றைக்கு வேலைக்குப் போகவில்லை. அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டு யாருக்கும் இல்லாமல் பேசிக்கொண்டிருந்தார், டெங்கு பார்க்கிற ஐயா வருவாராம், தண்ணீர் தேங்கியிருந்தால் வழக்குப் போடுவாராம் என்று நல்லம்மா அத்தை காலையிலேயே பயமுறுத்திவிட்டாளாம், கடைசியில் எந்த ஐயாவும் வரவில்லையாம், குனிந்து குனிந்து எல்லாவற்றையும் கவிழ்த்ததில் முழங்கால் இன்னும் வீங்கியதுதான் மிச்சமாம். நான் மாத்திரை அட்டையை எண்ணிக்கொண்டே ம் என்றேன். தயிர் முட்டி, சிரட்டை, பின்னால் கிடந்த டயர், ஒன்னோட போத்தல்... என்றார். எண்ணிக்கை விட்டுப்போனது.

"எந்த போத்தலும்மா?"

"கம்பத்துல நிக்குமே, அதுதான். நீ தெனமும் கவுக்கிறதுதானே, இன்னைக்கு மறந்துட்டுப் போயிட்டியோன்னு நெனச்சேன்."

"எத்தன மணிக்கு?"

"ஒம்பது இருக்கும். ஏன் புள்ள?"

"எவ்வளவு இருந்திச்சு?"

"நான் என்ன அளந்தா பாத்தேன்? இருந்திச்சு. பாதி இருக்கும்."

பாதி. அம்மாவுக்கு நிறையாததெல்லாம் பாதிதான், பானையில் ஒரு பிடி அரிசி இருந்தாலும் பாதி, கழுத்தளவு இருந்தாலும் பாதி. போத்தலின் உச்சி இருநூறு, பாதி என்றால் நூறு, நூறும் ஐம்பத்திரண்டும் நூற்றைம்பத்திரண்டு, சிவப்பு. ஆனால் அது மெய்யான பாதிதானா? கொப்பியைத் திருப்பினேன். காலை ஆறரைக்கு நாற்பத்தெட்டு. நாற்பத்தெட்டும் ஐம்பத்திரண்டும் சேர்ந்தாலே நூறு, அது நிச்சயம், ஆறரையிலிருந்து ஒன்பது வரைக்கும் பெய்தது எவ்வளவு என்பதுதான் இல்லை, அது முற்றத்துக் கானில் வடிந்து ஓடிவிட்டது, இந்நேரம் எங்கே போயிருக்கும்... பத்து என்றால் பையோடு உட்கார்ந்திருக்கலாம். ஐம்பது என்றால் ஓட வேண்டும். ஏழு மணிக்குப் பிள்ளைக் காம்பராவின் தகரத்தில் விழுந்த சத்தத்தில் குழந்தைகள் வாயைத் திறந்து அழுதது தெரிந்தது, குரல் கேட்கவில்லை, அது பத்தா ஐம்பதா? சத்தத்தை யார் அளக்கிறார்கள்? பிறகு பகல் முழுக்கவும் விடாமல் பெய்தது. அப்படியிருந்தும் நாற்பத்தெட்டுக்குக் கீழேயே ஐம்பத்திரண்டு என்று எழுதியிருக்கிறேன், நாள் முழுதும் கொட்டிய மழைக்கு நான்கே நான்கு என்று, இரண்டு எண்ணும் ஒன்றின்கீழ் ஒன்றாக நிற்கின்றன, எண்ணக் கற்ற பிள்ளைக்கே உறைக்கும். எனக்கு உறைக்கவில்லையா, உறைக்க விடவில்லையா? எனக்கு வேண்டிய எண்ணை அது காட்டியது. நன்றி சொல்லி வாங்கிக்கொண்டேன்.

ஜன்னலைப் பார்த்தேன். தண்ணீர் தெளியவில்லை. அடியில் ஒரு விரல் உயரத்துக்குச் செம்மண், மேலே இன்னும் அதே பிளேன்டீ. வந்தவர்கள் சொன்னதை நானே எழுதியிருந்தேன், ஆனி மாதத்துப் பக்கத்தில், கோடு போட்டு: ஊற்றுத் தண்ணீர் திடீரென்று கலங்கினால் அளவு பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம், உடனே வெளியேறு. எழுதினேன், கோடும் போட்டேன், பிறகு அதே தண்ணீரைப் பிடித்துத் தெளியட்டும் என்று வைத்தேன்... ஆனால் எல்லா மழைக்காலத்திலும் பீலி கொஞ்சம் கலங்கத்தானே செய்கிறது, இது அந்தக் கலங்கலா வேறு கலங்கலா, மறுபடியும் ஊதி மறுபடியும் ஒன்றும் நடக்காமல் போனால் மூன்றாம் தடவை இந்த விசிலுக்கு யார் கதவைத் திறப்பார்கள், அப்போது மெய்யாகவே வந்தால்? பையைக் கட்டிலில் கொட்டினேன். அழகாக அடுக்கியதெல்லாம் சரிந்தது, பற்றரி கட்டிலுக்கடியில் உருண்டது, கடைசியில் துவாய், துவாய்க்குள் விசில். ஓடுகிற நேரத்தில் முதலில் கைக்கு வர வேண்டியதை எல்லாவற்றுக்கும் அடியில் வைத்திருந்தேன். அம்மா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார், பிறகு தலையில் துண்டைக் கட்டத் தொடங்கினார். "நான் கவுத்தது தப்பா புள்ள?" என்று மட்டும் மெதுவாகக் கேட்டார். இல்லை என்றேன். தண்ணீர்ப் போத்தலைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே போனேன்.

இராசையா மாமா இன்னும் அதே இடத்தில்தான். என் கையிலிருந்த விசிலைப் பார்த்தார், பீடியை அணைத்தார். இந்தத் தடவை பஸ் பற்றிப் பேச்சில்லை.

"எத்தன?" என்றார்.

ஐப்பசியில் இதே கேள்விக்கு நூற்றறுபது என்று நிமிர்ந்து நின்று சொன்னேன், எண் இருந்தது, எண் பொய். இப்போது சொல்ல எண் இல்லை. "தெரியல மாமா," என்றேன், "காலையில அம்மா கவுத்துட்டாங்க. நூறுக்கு மேல இருக்கும், எவ்வளவு மேலன்னு தெரியல. பீலியில இப்பிடி வருது." போத்தலை நீட்டினேன். அவர் அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து ஆட்டிப் பார்த்தார், மண் மேலெழுந்து சுழன்றது, லயத்துக்குப் பின்னால் நிற்கும் மலையை நிமிர்ந்து பார்த்தார், அங்கே மூடுபனி, பார்க்க ஒன்றுமில்லை. நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், சிரித்துவிடுவாரோ என்று, சிரித்தால் நான் திரும்பி உள்ளே போயிருப்பேனோ என்னவோ. அவர் வீட்டுப் பக்கம் திரும்பி, "ஏய் நல்லம்மா, இந்தத் தடவ கதவப் பூட்டிட்டு வா, கொரங்குக்கு நாம சோறு போட வேணாம்" என்றார்.

ஊதினேன். ஐப்பசியில் போல இல்லை, மூச்சு பாதியில் அறுந்து அறுந்து வந்தது, ஆனாலும் கதவுகள் திறந்தன, சில உடனே, சில வெகு நேரம் கழித்து முணுமுணுப்போடு. கடைசி வீட்டில், "ஊதினது போதும், கேட்டிருச்சு" என்றார்கள். கதவுகளில் பூட்டுகள் ஒவ்வொன்றாக விழுந்தன. அம்மாவைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு கடைசியாக இறங்கினேன், என் தோளில் பை, அவசரத்தில் அள்ளிப் போட்டதில் பற்றரியைக் கட்டிலுக்கடியிலேயே விட்டுவிட்டேன், பத்திரம் இருக்கிறது, கொப்பி இருக்கிறது.

இப்போது பள்ளிக்கூட மேட்டில் நிற்கிறோம். வெளிச்சம் இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கிறது, எதிரே லயம் தெரிகிறது, பன்னிரண்டு கதவும் பூட்டி, அதற்குப் பின்னால் பனி விலகிய இடத்தில் மலை, அப்படியே, ஒரு கல்கூட அசையாமல். நல்லம்மா அத்தை யாரிடமோ நாளைக்குப் பெரட்டுக்கு நேரத்துக்குப் போக முடியுமா என்று கேட்கிறாள், என்னைப் பார்க்காமல்தான் கேட்கிறாள். நான் மலையையே பார்க்கிறேன். ஒன்றும் ஆகக்கூடாது மாதாவே, எங்கள் வீடு, நல்லம்மா அத்தையின் வீடு, எல்லாம் அப்படியே இருக்கட்டும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே பார்க்கிறேன், சொல்லிக்கொண்டே இருக்கிறேன், ஆனாலும் கண்ணை எடுக்க முடியவில்லை, எதற்காக இப்படிப் பார்க்கிறேன், எதற்குக் காத்திருக்கிறேன்... எங்கேயாவது ஒரு ஓரத்தில், கொஞ்சமாவது, மண் சரிந்தால் என்ன என்று எனக்குள் யாரோ கேட்கிறாள்.