முப்பத்தேழாம் நம்பர் மெஷின்

மணி இரண்டு இருபதுக்கு அந்த வரி ஃபஹீமாவின் திரையில் வந்து நின்றது. மூன்று மணிக்கு மீட்டிங்.

ஒரே ஒரு வரிதான். போன வருடம் பிப்ரவரி, ஒரு வெள்ளிக்கிழமை, பகல் பன்னிரண்டு ஐம்பத்திரண்டு. மேடவாக்கம் கிளையின் நெட்வொர்க் லைன் மூடப்பட்டது. மூடிய லாகின்: ஐசக். இதுவரை ஆபீசுக்கே தெரிந்த கதை. தெரியாதது வரியின் கடைசியில் இருந்தது. எந்த மெஷினிலிருந்து? முப்பத்தேழு.

தன் லேப்டாப்பின் மூடியைச் சாய்த்து அதன் முதுகைப் பார்த்தாள். பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. நான்கு வருடமாக அங்கேதான் ஒட்டியிருக்கிறது அந்த மஞ்சள் ஸ்டிக்கர். கூட வேலை பார்த்த ஐசக்கின் கோணல் கையெழுத்தில் 37.

தாம்பரத்தில் தலைமை ரத்தப் பரிசோதனை லேப். கூடுவாஞ்சேரியிலிருந்து மேடவாக்கம் வரை பதினோரு கிளைகள். எல்லாவற்றையும் கண்காணிக்க ஒரு சாஃப்ட்வேர் வாங்க வேண்டும். இரண்டை ஒரு மாதம் ஓட்டிப் பார்த்து, எது தேவலை என்று சொல்வது ஃபஹீமாவின் பொறுப்பு. முதலாவது ஒரு மேப். பதினோரு பச்சைப் புள்ளிகள். ஒரு கிளை அறுந்தால் அடுத்த நிமிடம் புள்ளி சிவந்து போன் அலறும். போன மாதம் என்ன நடந்தது, யார் செய்தது என்று கேட்டால் பேந்தப் பேந்த விழிக்கும். இரண்டாவது பார்க்க லட்சணமாக இருக்காது. ஒவ்வொரு மெஷினும் தன் பாட்டுக்கு எழுதித் தள்ளும் குறிப்புகளை, லாக் என்பார்கள், மொத்தமாக அள்ளி அடுக்கி வைத்துக்கொண்டு, கேட்ட நொடியில் எடுத்து நீட்டும். எது செத்துக் கிடக்கிறது என்று முதலாவது சொல்லும். யார் கொன்றது என்று இரண்டாவது சொல்லும்.

அதற்குப் பழைய லாக்குகளையும் ஊட்டியிருந்தார்கள். மீட்டிங்கில் காட்ட நல்ல உதாரணம் வேண்டுமே என்று, யாரும் மறக்காத அந்தத் தேதியை அவளே தட்டினாள்.

அன்றைக்கு மேடவாக்கத்தில் லைன் இழுக்கிறது என்று புகார். ஒரு தடவை மூடித் திறந்தால் சரியாகிவிடும். இரண்டு நிமிட வேலை. மூடினாள். ஸ்கூலிலிருந்து போன் வந்தது. பையன் ஜைதுக்கு ஜுரம், வாந்தி. திறந்துவிட்டுத்தான் பையை எடுத்தாள். அப்படித்தான் இன்று இரண்டு இருபது வரை குர்ஆன் மேல் கை வைத்துச் சத்தியம் செய்திருப்பாள். ஆனால் லாக்கில் திறந்த நேரம் மூன்று நாற்பத்தெட்டு. திறந்தது ஐசக், தன் மெஷினிலிருந்து.

நடுவில் மூன்று மணி நேரம். மேடவாக்கம் கிளையில் ரங்கன் என்கிற கோவளத்து மீனவரின் ரத்தத்தில், இதயத்தையே நிறுத்திவிடும் அளவுக்குப் பொட்டாசியம் எகிறியிருந்தது. ஆபத்தான ரிசல்ட் தானாகவே டாக்டரின் போனுக்குப் போய்விடும் என்று நம்பியதால் ஒருவரும் போனைத் தொடவில்லை. லைன் வந்து ரிசல்ட் போய்ச் சேர்ந்தபோது ரங்கன் இல்லை. ஃபஹீமா திங்கட்கிழமை வந்தபோது ஐசக்கும் வேலையில் இல்லை. நான் திறந்துவிட்டுத்தானே போனேன், அப்புறம் இவன் என்னவோ செய்திருக்கிறான் என்றுதான் அவளும் நினைத்தாள்.

அந்த ஆபீசில் தனி லாகின் வேண்டுமென்றால் மேனேஜர் அனந்தகிருஷ்ணனிடம் கையெழுத்து வாங்க வேண்டும். ஃபாரம் அவருடைய டிராயரில் தூங்கும். "இன்னாத்துக்கு ஃபாரம்? என்னுத போட்டுக்கோ" என்று ஐசக் தன் பாஸ்வேர்டை ஆறு பேருக்குக் கொடுத்திருந்தான். அதில் ஃபஹீமாவும் ஒருத்தி. விசாரணையில் அதைச் சொன்னானாம். "குடுத்ததே தப்புதானேப்பா" என்றாராம் அனந்தகிருஷ்ணன்.

அவரே இப்போது டீ கப்புடன் எட்டிப் பார்த்தார். "ரெடியாம்மா? மேப்பை மட்டும் காட்டு. பச்சை, சிவப்பு. மேடத்துக்கு டக்குனு புரியும்."

"ரெண்டாவது, சார்?"

"அது போலீஸ் ஸ்டேஷன்மா. நாம லேப். ட்ரையல் ஆறு மணியோட முடியுது. போட்டதெல்லாம் தானா அழிஞ்சிடும். விட்டுத் தள்ளு."

தானா அழிஞ்சிடும். அசல் லாக் இருந்த பழைய சர்வர் போன வாரம்தான் காயலான் கடைக்குப் போயிருந்தது. கணவன் அயூப் துபாயிலிருந்து திரும்பி எட்டு மாதம். வீட்டுக்குள் வருவது இவள் சம்பளம் ஒன்றுதான். வாயை மூடிக்கொண்டு பச்சைப் புள்ளிகளைக் காட்டினால் போதும். நகம் தன்னால் ஸ்டிக்கரின் மூலையைச் சுரண்டத் தொடங்கியது. சட்டென்று கையை இழுத்துக்கொண்டு மாடிப்படிக்குப் போய் ஐசக்குக்குப் போன் போட்டாள்.

"இன்னா ஃபஹீமா, சர்வர் படுத்துகிச்சா? என் பேரைச் சொல்லி ஒரு உதை வுடு, எந்திரிச்சிரும்." பின்னால் சுவரைத் துளைக்கும் சத்தம். அபார்ட்மென்ட்களில் கேமரா மாட்டுகிற வேலை இப்போது.

"ஐசக், அன்னிக்கு லைனை நீதான் மூடினியா?"

துளைக்கும் சத்தம் நின்றது.

"சாப்பிடப் போயிருந்தேன்னுதான் மொதல்ல சொன்னேன். அப்பால நூறு தபா யோசிச்சேன். தொறந்தது நானு. பேரு என்னுது. மூடுனதும் நானாத்தான் இருக்கும். மாசத்துக்கு ஒருக்கா கோவளம் போய்க்கினு கீறேன். ரங்கன் பொண்டாட்டி, அங்காளம்மா. மொத தபா கால்ல வுழுந்தேன். அது திட்டவே இல்ல ஃபஹீமா. கெளம்பும்போது நாலு மீனு கவர்ல போட்டுக் குடுத்துச்சு. எப்பப் போனாலும் குடுக்குது. துன்னவும் முடியல, தூக்கிப் போடவும் முடியல. அதான் பேஜாரு. ஆமா, எதுக்குக் கேட்ட?"

"சும்மாதான்" என்றாள். அந்த வார்த்தை வந்த வேகம் அவளுக்கே பயமாக இருந்தது.

மீட்டிங்கில் முதலாளி டாக்டர் சாவித்ரி மேஜையின் எதிர்முனையில். சுவரில் பதினோரு பச்சைப் புள்ளிகள்.

"நல்லாருக்கே. இதுவே போதும் போலிருக்கே" என்றார் சாவித்ரி. அனந்தகிருஷ்ணன் அவசரமாகத் தலையாட்டினார்.

ஃபஹீமாவின் கண் முன்னால் அந்தக் கவர் வந்தது. நாலு மீன். ஒவ்வொரு மாதமும்.

"ரெண்டாவதையும் பார்த்துடுங்க மேடம். ஆறு மணிக்கு மேல பார்க்க முடியாது."

"அது வேணாமேம்மா" என்றார் அனந்தகிருஷ்ணன். அதற்குள் அவள் தேதியைத் தட்டிவிட்டாள். சுவரில் சாண் உயரத்துக்கு எழுத்துகள் எழுந்து நின்றன.

சாவித்ரி வாய்விட்டுப் படித்தார். "மேடவாக்கம். ஐசக். இது தெரிஞ்ச விஷயம்தானே?"

"கடைசியில இருக்கு மேடம்."

"மெஷின் முப்பத்தேழு. அது யாரோடது?"

அனந்தகிருஷ்ணனின் டீ கப் பாதி வழியில் நின்றது. ஃபஹீமாவின் கை எழுந்தது. சற்றே பின்னால் சாய்ந்திருந்த லேப்டாப் மூடியைத் தன் பக்கம் இழுத்து நிமிர்த்தி, அதன் முதுகு அவர்களுக்கு நேராகத் தெரியும்படி வைத்தாள்.

சாவித்ரியின் கண்கள் சுவரிலிருந்து மெல்ல இறங்கி அந்த 37-இல் வந்து நின்றன. மஞ்சள் ஸ்டிக்கரின் ஒரு மூலை, சற்று முன் அவள் நகம் பட்ட மூலை, ஏ.சி. காற்றில் படபடத்துக்கொண்டிருந்தது.