யார் வீட்டுச் சாவு?

மலர்விழி சுவரோரம் குனிந்து மோடத்தின் வயரைப் பிடுங்கினாள். பச்சை விளக்குகள் அணைந்தன.

"கையெடுங்கப்பா. எதையும் தொடாதீங்க."

கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த வேலாயுதம் இரண்டு கைகளையும் காதுவரை தூக்கினார். துப்பாக்கி முனையில் நிற்பவர்போல அப்படியே வைத்திருந்தார். திரையில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக்கொண்டிருந்த மின்னஞ்சல்கள் நின்றன. ஆனால் போனவை போனவைதான்.

சற்று முன்புதான் அவள் கைப்பேசிக்கு அப்பாவின் பெயரில் ஒரு மின்னஞ்சல் வந்தது. தலைப்பு, இறப்பு அறிவிப்பு. ஆழ்ந்த வருத்தத்துடன் தெரிவிக்கிறோம், விவரம் இணைப்பில். இறந்தது யார் என்று இல்லை. மலர்விழியை அப்பாவோடு இந்த அறைக்கு ஓடி வரவைத்தது அது அல்ல. அந்த மின்னஞ்சல் வந்த நேரத்தில் அப்பா அவளுக்கு எதிரே, சமையலறை மேசையில், தோசைக்குத் தட்டை நீட்டிக்கொண்டிருந்தார். அறையில் கம்ப்யூட்டர் தனியாக இருந்தது. தனியாகவே எழுதியது, தனியாகவே அனுப்பியது.

பங்சாரில் ஒரு கணக்காய்வு அலுவலகத்தில் அவளுக்கு வேலை. இந்த மாதிரி இணைப்புகளைத் திறக்கக் கூடாது என்று அங்கே வருடா வருடம் உட்கார வைத்துச் சொல்வார்கள். பாதி பேர் தூங்குவார்கள். அவள் அன்று தூங்காமல் இருந்தது நல்லதாயிற்று.

வேலாயுதம் கிள்ளானில் ஒரு மரண சகாயச் சங்கத்தின் செயலாளர். உறுப்பினர் வீட்டில் சாவு விழுந்தால் அறிவிப்பு அவரிடமிருந்துதான் போகும். அவர் பெயரைப் பார்த்தால் காப்பாரிலிருந்து ஜெஞ்சாரோம் வரை ஒருவரும் யோசிக்க மாட்டார்கள். திறப்பார்கள், எந்த வீடு, எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள் என்று பார்ப்பார்கள், வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். சாவுச் சேதி சொல்லி அனுப்பியவரைத் திருப்பிக் கூப்பிட்டு, நிஜமாகவே செத்துவிட்டார்களா என்று கேட்கிற வழக்கம் எந்த ஊரில் இருக்கிறது? எவனோ ஒருவன் எங்கோ உட்கார்ந்துகொண்டு அந்த மரியாதையைக் கதவாக்கி உள்ளே நுழைந்திருந்தான்.

போதாக்குறைக்கு, உறுப்பினர்கள் அத்தனை பேரின் ஐசி என்கிற அடையாள அட்டையின் நகலும் இந்தக் கம்ப்யூட்டருக்குள் இருந்தது. முகவரி, வாரிசு, பிள்ளைகளின் பெயர், எல்லாமும்.

தோசைக் கரண்டியோடு வந்து நின்ற அம்மா லெட்சுமிக்கு விஷயத்தை இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. புரிந்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, இதைச் செய்தது யார் என்பதுதான்.

வேலாயுதம் கைகளை இறக்கினார்.

"வேற யாரு. உன் மகன்தான். போன வாரம் வந்தப்போ இதுல உக்காந்து நோண்டிட்டுப் போனான் இல்ல. கண்ட கண்ட படத்தப் பாத்திருப்பான்."

தம்பி யுகேந்திரன் பிரிக்பீல்ட்ஸில் அறை எடுத்துத் தங்கிப் படிக்கிறான். வாரக் கடைசியில் துணி துவைக்க வருவான். கண்ட கண்ட படம் என்று காதில் விழுந்ததும் லெட்சுமி வேறெதையும் கேட்கவில்லை. கைப்பேசியை எடுத்தாள். அவன் தூக்கம் கலைந்து ஹலோ சொல்வதற்குள் அவன் படிப்பு, அவன் கூட்டாளிகள், அவன் தலைமுடி எல்லாவற்றையும் ஒரு சுற்றுத் திட்டி முடித்தாள். கடைசியில் மலர்விழிதான் கைப்பேசியைப் பிடுங்கிப் பேசினாள்.

அவன் கத்தவில்லை. அப்பா பாஸ்வேர்டை மாற்றிப் பல மாதம் ஆகிறது, தனக்கு அது என்னவென்றே தெரியாது என்றான். பிறகு, "எப்பவும் நான்தானே. பரவால்ல. மொதல்ல எல்லாருக்கும் சொல்லுங்கக்கா, தொறக்க வேணாம்னு" என்று சொல்லி வைத்துவிட்டான்.

மலர்விழி கம்ப்யூட்டரைப் பார்த்தாள். நாற்காலியின் முதுகில் ஒரு துண்டு கிடந்தது. செவ்வாய்க்கிழமையிலிருந்து அந்தத் துண்டு கம்ப்யூட்டரின் மேல் போர்த்தியிருந்ததை அவள் கவனித்திருந்தாள். திரையின் நெற்றியில் திருநீறுகூட இருந்தது. தூசிக்காக மூடியிருக்கிறார் என்று நினைத்தாள்.

"ஏம்ப்பா இத மூடி வச்சிருந்தீங்க?"

கொஞ்சம் மெதுவாக ஓடியது, ஓய்வு கொடுத்தால் சரியாகிவிடும் என்று நினைத்தேன் என்றார். காய்ச்சல்காரனைப் படுக்க வைப்பதுபோல. இன்று சங்கக் கூட்டத்துக்கு நோட்டீஸ் அடிக்க வேண்டியிருந்ததால் போர்வையை விலக்கி எழுப்பியிருக்கிறார். அதுவும் எழுந்துவிட்டது.

"சரி, குரூப்புல சொல்லிருங்கப்பா. இப்பவே. ஒவ்வொருத்தரா தொறந்துகிட்டே இருப்பாங்க."

வேலாயுதம் வாட்சப்பைத் திறந்தார். சங்கத்தின் குழு திரையில் வந்தது. விரல் அதன்மேல் வட்டமிட்டது. பிறகு, தலைவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுகிறேன் என்று வாசலுக்குப் போனார்.

தலைவர் கார்த்திகேசுவின் குரல் கைப்பேசியைத் தாண்டி வெளியே கேட்கும் குரல். வயரைப் பிடுங்கியாகிவிட்டது அல்லவா, அப்புறம் என்ன என்றார். அடுத்த ஞாயிறு ஆண்டுக்கூட்டம், இந்த நேரத்தில் வாயைத் திறந்தால் எல்லாரும் ஐசியைப் பற்றிக் கேட்பார்கள், சங்கத்தையே மூட வேண்டியதுதான் என்றார். அப்படியே யாராவது கேட்டாலும் உங்கள் பையன் தெரியாமல் செய்துவிட்டான் என்று சொல்லிக்கொள்ளலாம் என்று வழியும் காட்டினார்.

"ரெண்டு நாள்ல மறந்துருவாங்க லா, வேலு. நீ பாட்டுக்கு இரு."

வேலாயுதம் உள்ளே வந்து உட்கார்ந்தார். தோசை ஆறிப்போயிருந்தது. மகள் கேட்டதற்கு, தலைவர் வேண்டாம் என்கிறார் என்று மட்டும் சொன்னார். அவள் தானே குழுவில் போடுகிறேன் என்றாள். அவள் அதில் உறுப்பினர் இல்லை. கைப்பேசியைக் கேட்டாள். அவர் அதைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

பைக்குள் அது அடித்தது.

காப்பார் அய்யாவு. எந்தச் சாவுக்கும் முதல் ஆளாகப் போய், பந்தல்காரனைத் திட்டி, கடைசி ஆளாகத் திரும்புகிறவர். பின்னணியில் லாரிகள் இரைந்தன. கத்திப் பேசினார்.

"தம்பி, யாரு வீட்டுச் சாவு? பைலத் தொறந்தா ஒன்னும் வரலப்பா. வெள்ளச் சட்டயப் போட்டுகிட்டு மோட்டார் சைக்கிள சந்தியில நிறுத்திட்டு நிக்கிறேன். இடது பக்கம் போவவா, வலது பக்கம் போவவா?"

வேலாயுதம் கைப்பேசியை மற்றக் காதுக்கு மாற்றினார்.

"ஹலோ? சரி, நீ துக்கத்துல இருக்கியாட்டம் இருக்கு. பரவால்ல. கிளினிக்குல வேல செய்யிறால்ல நம்ம மருமவ, அவளுக்கு அனுப்பிருக்கேன். அங்க பெரிய கம்ப்யூட்டரு. தொறந்து பாத்து சொல்றேன்னுருக்கா. நோயாளிங்க கூட்டமாம், கொஞ்சம் பொறுங்க மாமான்னா."

மலர்விழி மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். கிளினிக். அங்கே வருகிற அத்தனை பேரின் பெயரும் நோயும் அந்தக் கம்ப்யூட்டருக்குள்.

வேலாயுதம் எழுந்து நின்றுவிட்டார்.

"அண்ணே, தொறக்க வேணாம்னு சொல்லுங்க. இப்பவே போன் பண்ணுங்க. யாரும் சாவல. அது நான் அனுப்புனதில்ல. வைரஸுண்ணே."

"என்னது?"

"அது ஒரு வியாதி மாதிரி. என் கம்ப்யூட்டர்ல வந்துருச்சு. உங்க மருமவ தொறந்தா கிளினிக்குக்கும் போயிரும். என் போன வச்சிட்டு அவளக் கூப்புடுங்க, தயவுசெஞ்சு."

லைன் அறுந்தது. லெட்சுமி கரண்டியை மேசையில் வைத்துவிட்டு, கேட்கக் கூடாத இடத்தில் நிற்பவள்போல நின்றாள். தோசைக்கல்லில் எதுவோ கருகியது. போய் அணைக்க யாருக்கும் தோன்றவில்லை.

கைப்பேசி மறுபடி அடித்தது.

"சொல்லிட்டேன் தம்பி. தொறக்கப் போன நேரமாம். அழிச்சிட்டா." அய்யாவு மூச்சு விட்டார். "நல்லவேள, யாரும் சாவல. ஆனா ஒன்னு கேக்கறேன், கோவிச்சுக்காத. இத நீ உடனேயே சொல்லிருக்கலாம்ல? நான் பாட்டுக்கு ஜெஞ்சாரோம்வரைக்கும் ஆளுக்கு ஆளு அனுப்பிட்டேனே, பொணத்துக்குக் கூட்டம் சேரட்டும்னு."

வேலாயுதம் அதற்கு மேல் யாரையும் கேட்கவில்லை. குழுவைத் திறந்து, குரல் பதிவை அழுத்தி, கைப்பேசியை வாய்க்கு நேராகப் பிடித்தார். சாவு வீட்டில் அறிவிப்பு வாசிக்கிற அதே குரல்தான்.

"நான் செயலாளர் வேலாயுதம் பேசறேன். இன்னைக்கி என் பேருல வந்த இறப்பு அறிவிப்பு பொய். யாரும் தொறக்காதீங்க, யாருக்கும் அனுப்பாதீங்க. தொறந்துட்டவங்க மொதல்ல இன்டர்நெட்டப் புடுங்குங்க. வேற போன்லேருந்து பாஸ்வேர்ட மாத்துங்க, பேங்குக்கு சொல்லுங்க. உங்க ஐசி காப்பியெல்லாம் என்கிட்டதான் இருந்துச்சு. அதப் பத்தி நான் இன்னைக்கே போலீஸ்ல ரிப்போர்ட் குடுக்கறேன்."

நிறுத்தினார். விரலை எடுக்கவில்லை.

"தொறந்தது நான்தான். என் பையன் இல்ல. செவ்வாக்கெழமையே தொறந்துட்டேன். சொன்னா சிரிப்பாங்கன்னு துணியப் போட்டு மூடி வச்சேன். திருடன் வீட்டுக்குள்ள வந்தா கத்தணும். நான் வெக்கப்பட்டுகிட்டு அவனுக்குக் காவலுக்கு நின்னுட்டேன். ஏமாந்தது தப்பில்ல. ஏமாந்தத மறச்சதுதான் தப்பு. நீங்க யாரும் இப்படிச் செய்யாதீங்க."

விரலை எடுத்தார். போய்விட்டது.

யாரும் சிரிக்கவில்லை. சிறிது நேரத்தில், நானும் திறந்துவிட்டேன் அண்ணே என்று ஒருவர் எழுதினார். அதைப் பார்த்து இன்னொருவர். தன் மனைவியிடம்கூடச் சொல்லவில்லை என்று மூன்றாமவர். அதுவரை மூடியிருந்த துண்டுகள் ஒவ்வொரு வீடாக விலகின. நடுவில் கார்த்திகேசுவின் பெயர் திரையில் மின்னி மின்னி அணைந்தது. வேலாயுதம் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தார்.

லெட்சுமி மகனைக் கூப்பிட்டாள். திட்டியதற்கு மன்னிப்புக் கேட்க அவளுக்குப் பழக்கமில்லை. நாளைக்கு வா, கறி எடுக்கிறேன் என்றாள். அவனுக்குப் புரிந்தது.

மலர்விழி தன் மடிக்கணினியில் அப்பாவின் மின்னஞ்சலைத் திறந்து பாஸ்வேர்டை மாற்றினாள். போலீஸுக்குக் காட்ட, செவ்வாய்க்கிழமை வந்த முதல் மின்னஞ்சல் வேண்டும். யார் அனுப்பியது என்று கேட்டாள். ஏதோ தெரியாத முகவரி, அழித்துவிட்டேன் என்றார். அழித்தவையும் கொஞ்ச நாள் குப்பைத்தொட்டியில் கிடக்கும் என்று சொல்லிக்கொண்டே அவள் தேடினாள்.

"வேணாம்மா மலரு" என்றார்.

அதற்குள் அது வந்துவிட்டது. அனுப்பியவர், கார்த்திகேசு.

வேலாயுதம் தரையைப் பார்த்துப் பேசினார்.

"அன்னைக்கே அவருக்குப் போன் பண்ணேன். யார் வீட்டுச் சாவு தலைவரேன்னு கேட்டேன். சாவும் இல்ல ஒன்னும் இல்ல, வீட்ல பசங்க யாரோ நோண்டிட்டானுங்க, வெளியில சொல்லாதன்னாரு. சரின்னுட்டேன்."

லெட்சுமி நெற்றியைச் சுருக்கினாள். "அவர் வீட்ல ஏதுங்க பசங்க? ரெண்டு பொண்ணுங்களையும் பினாங்குல கட்டிக் குடுத்துட்டு, புருஷனும் பொண்டாட்டியும் தனியாத்தான இருக்காங்க?"

"தெரியும்" என்றார் வேலாயுதம். "பழியப் போட அவருக்குப் பையன் இல்ல. எனக்கு ஒருத்தன் இருந்தான்."