துணி சுற்றிய சக்கரங்கள்

கிழக்கு இன்னும் வெளுக்கவில்லை. பூனை தெருவில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள்.

புழுதி அடங்கத் தெளிக்கிறாள் என்று நினைத்துவிட வேண்டாம். காய்ந்த சருகைக் கூட்டினால் சரசரவென்று சத்தம் வரும். நனைந்த சருகுக்கு வாய் கிடையாது, ஆனால் தரையோடு ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்று அடம்பிடிக்கும். ஒரு தரம் இழுக்க வேண்டியதை நாலு தரம் இழுத்து, தெருக்கோடிக்குப் போய்ச் சேர்வதற்குள் இடுப்பு கழன்று கையில் வந்துவிடும். குப்பை வண்டியின் இரும்புச் சக்கரங்களில் கிழிந்த கம்பளியைச் சுற்றிக் கட்டியிருந்தாள். செருப்பு காலில் இல்லை, வண்டிக்குள் கிடந்தது. காலை ஏழு மணிக்கு முன்னால் அந்தப் பங்களாத் தெருக்களில் சத்தம் கூடாது என்பது குடியிருப்போர் சங்கத்தின் சட்டம். சட்டம் என்றால் எழுதியா ஒட்டியிருக்கிறது? போன வருஷம் இருமல் அடக்கத் தெரியாத ஒருத்தியை வீட்டுக்கு அனுப்பினார்கள். அதற்குப் பிறகு எல்லோருக்கும் சட்டம் மனப்பாடம்.

சத்தமில்லாமல் நடந்து நடந்துதான் அவளுக்குப் பூனை என்று பெயர் வந்தது. வைத்தவர் வாசல் காவலாளி, மீசைக்காரர். "வர்றதும் தெரியல, போறதும் தெரியல. நீ மனுஷியா, பூனையா?" என்று ஒருநாள் கேட்டார். அது அப்படியே நின்றுவிட்டது.

அவளும் அங்கேதான் குடியிருந்தாள், அந்தப் பெரிய மனிதர்களின் அண்டை வீட்டுக்காரியாக. தண்ணீர் மோட்டார் அறைக்குப் பின்னால் தோட்டக்காரனுக்கென்று கட்டிய ஒற்றை அறை. தோட்டக்காரன் அவள் புருஷன். அந்தத் தெருவில் நாய்க்குப் பெயர்ப்பலகை உண்டு, மரத்துக்குப் பெயர்ப்பலகை உண்டு, இவர்கள் கதவுக்கு ஒரு எண்கூடக் கிடையாது. துணியை வெளியே காயப்போடக் கூடாது, கண்ணுக்கு அசிங்கமாம். தாளிக்கும்போது ஜன்னலைச் சாத்த வேண்டும், நெடி போகிறதாம். மகள் சிரித்தால் அவள் வாயைப் பொத்திப் பொத்தி, கடைசியில் பள்ளிக்கூடத்து டீச்சரே கூப்பிட்டு, "உங்க பொண்ணுக்குப் பேச்சு வராதாம்மா?" என்று கேட்டுவிட்டார். அன்று ராத்திரி பூனைக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த விடியற்காலை மூலை வீட்டில் வேலை. அந்த வீட்டு அம்மாவின் நீச்சல் குளத்தில் இலை விழுகிறது, கிளையை வெட்ட வேண்டும். அவர் நீந்த வருவதற்குள் வெட்டி, கூட்டி, இருந்த இடம் தெரியாமல் போய்விட வேண்டும். மிஷின் ரம்பம் அலறும் என்பதால் கைரம்பம். வெட்டின கிளையைக் கீழே தள்ளினால் தொப்பென்று விழும் என்பதால் அதையும் செய்ய முடியாது. கிளையைக் கயிற்றில் கட்டி, கயிற்றை மேலே ஒரு கவட்டையில் போட்டு, மறுமுனையைக் கீழே ஒருத்தர் பிடித்துக்கொண்டு, தூங்குகிற குழந்தையைத் தொட்டிலிலிருந்து எடுப்பதுபோல இறக்க வேண்டும். மேலே ஏணியில் நின்று அறுப்பவன் அவள் புருஷன், கீழே பிடிப்பவள் பூனை.

பாதி அறுப்பதற்குள் கிளை முறிந்தது. மேலே இருந்தவன், "விடு, விடு" என்று உதட்டை மட்டும் அசைத்தான். அவளுக்குத் தெரிந்தது. விட்டிருந்தால் கிளை தரையில் விழுந்திருக்கும், ஒரு சத்தத்தோடு போயிருக்கும். சத்தம் வருமே என்றுதான் அவள் விடவில்லை. உள்ளங்கை உரிய உரிய இறுக்கிப் பிடித்தாள். தொங்கின கிளை ஊஞ்சலாகத் திரும்பி வந்து ஏணியை அடித்தது. அவன் மதில்மேல் நட்டிருந்த ஈட்டிக் கம்பிகளில் விழுந்தான். ஒரு கம்பி தொடையில் இறங்கிவிட்டது.

அவன் கத்தவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து வாயில் திணித்துக்கொண்டான்.

இவளும் கத்தவில்லை. மூலை வீட்டு வாசலுக்கு ஓடினாள். அங்கே இரண்டு கார்கள் நின்றன. அழைப்பு மணிமேல் விரலை வைத்தாள். கண்ணாடிக் கதவுக்குள்ளே சுவர்க்கடிகாரம் தெரிந்தது. ஏழு ஆகவில்லை. விரலை எடுத்துவிட்டாள். பாவி மகள், எடுத்துவிட்டாள்! வெறுங்காலோடு தெருக்கோடி வரை ஓடி மீசைக்காரரை எழுப்பினாள். அவர் ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டு, வந்த வண்டியை வாசலிலேயே மறித்து, "சைரனை அணைச்சிட்டு உள்ள போப்பா" என்று கும்பிட்டு அனுப்பினார். அதற்குள் மதில் ஓரத்து வெள்ளைக் கூழாங்கற்கள் எல்லாம் சிவந்துபோயிருந்தன.

"கொஞ்சம் முன்னாடி கொண்டு வந்திருந்தா காலைக் காப்பாத்தியிருக்கலாம்" என்றார் டாக்டர். முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள்.

அவன் ஊன்றுகோலோடு அறைக்குத் திரும்பிய மறுநாள் சங்கத்துச் செயலாளர் வந்தார். நல்ல மனிதர், யாரையும் அதட்டிப் பேசாதவர். கத்தியை வெண்ணெயில் தோய்த்துத்தான் இறக்குவார்.

"ஏம்மா, ஒரு குரல் குடுத்திருந்தா நாங்க ஓடி வந்திருக்க மாட்டோமா? நாங்க என்ன மனுஷங்க இல்லையா?"

"ஏழு மணிக்கு முன்னாடி சத்தம் கூடாதுன்னு நீங்கதானே சார்…"

"உயிர் போற நேரத்துலயுமா அதெல்லாம் பார்ப்பாங்க? அழுத பிள்ளைதாம்மா பால் குடிக்கும். நீங்களா வாயை மூடிக்கிட்டு இருந்துட்டு எங்க மேல பழி போடக் கூடாது. சரி, அது முடிஞ்சு போச்சு. மாசக் கடைசியில புது ஆள் வர்றான். ரூமைக் காலி பண்ணிக் குடுத்துடுங்க."

"எங்கே சார் போவோம்? இந்த மனுஷனை வச்சுக்கிட்டு?"

"நாங்க யாரையும் துரத்தலம்மா. இது தோட்டக்காரனுக்குன்னு கட்டின ரூம்."

"அவர் தோட்டக்காரர்தானே சார்?"

"ஒத்தக் காலோட மரம் ஏறுவானா?"

கட்டிலில் கிடந்தவன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். பூனையின் குரல் ஒரு படி ஏறியது. "உங்க வேலையிலதானே சார் அந்தக் கால் போச்சு?"

"சத்தம் போடாதம்மா. குடும்பங்க குடியிருக்கிற இடம்."

"நாங்களும் குடும்பம்தான் சார்."

அவர் அறையை ஒருதரம் சுற்றிப் பார்த்தார், சுண்ணாம்பு அடிக்க எத்தனை நாளாகும் என்று யோசிப்பவரைப்போல. பிறகு போய்விட்டார்.

சாயங்காலம் மூலை வீட்டிலிருந்து ஒரு பை வந்தது. சமையற்காரம்மாள் கொண்டுவந்தாள், தலையைக் குனிந்துகொண்டே. அம்மா கொடுத்தனுப்பிய பழைய துணிகள். அடியில் ஒரு ஜோடி ஷூ, புதுசு மாதிரி, நன்றாகத் துடைத்து வைத்தது. ஒரு ஜோடி! தோட்டக்காரன் அதைக் கையில் வாங்கிப் பார்த்தான். சிரித்தான். விபத்துக்குப் பிறகு அவன் சிரித்தது அதுதான் முதல் தடவை. சிரிப்பு எந்த இடத்தில் அழுகையானது என்று அவளுக்குத் தெரியவில்லை.

சமையற்காரம்மாள் போகவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "அக்கா, நாளைக்கு மத்தியானம் மோட்டார் போடுற நேரத்துக்கு எல்லாரையும் வரச்சொல்லு. எனக்கு ஒண்ணு சொல்லணும்."

அந்தக் குடியிருப்பில் வாய்விட்டுப் பேசக்கூடிய இடம் ஒன்றே ஒன்றுதான். மோட்டார் ஓடும்போது மோட்டார் அறை. மாமியார் சண்டையோ, புருஷன் குடியோ, யாருக்கு ஆத்திரம் முட்டினாலும் அங்கே வந்து கொட்டிவிட்டுப் போவார்கள். மறுநாள் மத்தியானம் டிரைவர்கள், ஆயாக்கள், பாத்திரம் தேய்ப்பவர்கள், மீசைக்காரர் எல்லோரும் ஈரத் தரையில் நெருக்கியடித்து நின்றார்கள்.

"அம்மா அன்னைக்கு முழிச்சுத்தான் இருந்தாங்க" என்று மோட்டாருக்கு மேலாகக் கத்தினாள் சமையற்காரம்மாள். "மாடி ஜன்னல்ல நின்னு பார்த்தாங்க. 'யாரோ விழுந்துட்டான் போல, காவல்காரன் பார்த்துப்பான்'னு திரையை இழுத்து விட்டுட்டாங்க. நான் பக்கத்துலதான் காபியோட நின்னேன். எனக்கும் வாய் வரலையேக்கா!"

"தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தாத்தான் தெரியும்" என்றான் ஒரு டிரைவர். "இன்னைக்கு இவர் கால். நாளைக்கு என் முதுகு போனா, என்னையும் இப்படித்தான் பைக்குள்ள சட்டை போட்டு அனுப்புவாங்க."

"கேட்கணும்தான்" என்றார் மீசைக்காரர். "ஆனா பூனைக்கு யாருப்பா மணி கட்டுறது?"

"நானே கட்டிக்கிறேன் அண்ணே" என்றாள் பூனை. சிரிப்பு எழுந்தது. அவள் சிரிக்கவில்லை. "இவர் விடச் சொன்னாரு, நான் கயித்தை விடல. மணியில விரலை வச்சேன், அழுத்தல. ராத்திரி கண்ணை மூடினா அதுதான் வருது. நான் ரூமை விட்டுப் போகமாட்டேன். இவருக்குக் கட்டைக்கால் வைக்கிற வரைக்கும், இவர் உட்கார்ந்து செய்யற வேலை ஒண்ணு குடுக்கிற வரைக்கும் போகமாட்டேன். இனிமே எவனும் இருட்டுல மரம் ஏறக் கூடாது. நாளைக்கு விடியறப்போ போய்க் கேட்பேன். வர்றவங்க வாங்க."

"வேலை போயிடுமே" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

"போகலாம்" என்றாள். பொய் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

மறுநாள் விடியலில் அவள் தண்ணீர் தெளிக்கவில்லை. வண்டிச் சக்கரங்களில் சுற்றியிருந்த கம்பளியை அவிழ்த்து ஓரமாகப் போட்டாள். செருப்பை மாட்டிக்கொண்டாள். வண்டியைத் தள்ளினாள்.

கடகடவென்று இரும்பு சிமெண்டில் உருண்டது. அவளுக்கே உடம்பு தூக்கிவாரிப் போட்டது. அப்பா, இத்தனை சத்தமா இருந்தது இதற்குள்ளே! நாய்கள் குரைத்தன. மாடி விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன. பின்னால் மோட்டார் அறை இரும்புக் கதவை யாரோ டங்டங்கென்று அடித்தார்கள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. ஊன்றுகோலின் அடி அது என்று அவளுக்குத் தெரியும். அதோடு மகளின் குரலும் வந்தது. "அம்மா, நாங்களும் வர்றோம்!" இந்தக் குரலைப் பள்ளிக்கூடத்து டீச்சர் கேட்டிருக்க வேண்டும்.

மூலை வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினாள். அழைப்பு மணிமேல் விரலை வைத்தாள். இந்தத் தடவை எடுக்கவில்லை.

மூலை வீட்டம்மா தூக்கக் கலக்கத்தோடு கதவைத் திறந்தார். "என்ன இது அநியாயம்! மணி என்ன தெரியுமா? எதுக்கு இப்படி அடிக்கிறே?"

"என் புருஷன் உங்க மதில்ல விழுந்து கிடக்கிறாரும்மா" என்றாள் பூனை. தெருக்கோடி வரைக்கும் கேட்டது. "அன்னைக்கே கூப்பிட்டிருக்கணும். இன்னைக்குத்தான் கூப்பிட வந்தேன்."

அந்த அம்மாவின் முகம் வெளுத்தது. "போலீஸைக் கூப்பிடுவேன்" என்றார்.

"கூப்பிடுங்க. நாங்க இங்கேயேதான் நிக்கிறோம்."

நாங்கள் என்று சொல்லிவிட்டாளே தவிர, அவள் பக்கத்தில் அப்போது ஒருவரும் இல்லை. எதிர்வீட்டு மாடியிலிருந்து செயலாளர் போனைக் காதில் வைத்தபடி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது அந்த அம்மாவின் முதுகுக்குப் பின்னாலிருந்து சமையற்காரம்மாள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தாள். எஜமானியைத் தாண்டி, படியிறங்கி, வண்டியின் மறுபக்கக் கைப்பிடியைப் பிடித்தாள். தெருவில் வரிசையாகப் பக்கவாட்டுக் கதவுகள் திறந்தன. மீசைக்காரர் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வேகமாக நடந்து வந்தார். டிரைவர்கள் வந்தார்கள், ஆயாக்கள் வந்தார்கள். மோட்டார் அறைப் பக்கமிருந்து ஊன்றுகோல் சத்தம் மெதுவாக நெருங்கிக்கொண்டிருந்தது. அது வந்து சேரும் வரை எல்லோரும் காத்து நின்றார்கள்.